ஏரி வலம்

குடும்பத்தோடு ஒருநாள் உலாப் போதல் என்றவுடன் தமிழ் மக்களின் நினைவு கோடைக்கானலுக்கும் உதகைக்கும் ஓடுகின்றது. நாற்புறமும் மலை, நடுவே நீர், நீரைச் சுற்றி ஒரு பாதை, அப்பாதையில் முதியவர் மெல்ல நடக்க, சிறுவர் முன்னே ஓடும் காட்சி நம் மனத்தில் நிலைத்துவிட்டது. கொல்கத்தாவில் வாழும் நாம், இவ்வின்பம் ஆண்டுக்கொரு முறை ஊர் செல்லும்போதுதான் கிட்டும் என்று எண்ண வேண்டுவதில்லை. நம்மில் பலரது வீட்டிற்கு நடந்து செல்லும் தொலைவிலேயே ஓர் ஏரி உண்டு. ஓர் இரவு இரயில் பயணத்தில் எட்டக்கூடிய மலையேரி மற்றொன்றும் உண்டு. இவ்விரண்டையும் இன்று சுற்றி வருவோம். சுற்றுங்கால் மூன்று வினாக்களைக் கையோடு கொண்டு செல்வோம். இந்நீர் எங்கிருந்து வருகின்றது? எங்கே செல்கின்றது? இதனைக் காப்பவர் யாவர்?

இவ்வினாக்கள் தமிழருக்குப் புதியன அல்ல. நம் நாட்டில் ஏரி என்பது தானே அமைந்த பள்ளம் அன்று. சரிந்து செல்லும் நிலத்தின் குறுக்கே கரை எழுப்பி, மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தேக்கி வைப்பதே ஏரி. நீர் வருவதற்கு வரத்துக்கால். வயலுக்குப் பாய்வதற்கு மதகு. மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்குக் கலிங்கு. இம்மூன்றையும் ஊரார் காத்தனர். ஆண்டுதோறும் வண்டல் எடுத்தனர், கரையை மேடாக்கினர். அவ்வாறு காவாத ஏரி சில ஆண்டுகளில் தூர்ந்து போயிற்று. ஆதலின், ஓர் ஏரிக்கரையில் நடக்கும் தமிழன் அதன் அழகைக் காண்பதோடு அமையாது, அதன் அமைப்பையும் நோக்குதல் இயல்பேயாகும்.

கொல்கத்தாவின் நிலம் நம் நாட்டு நிலத்தைப் போன்றதன்று. ஹூக்ளி ஆறு தன் கரையோரத்தில் வண்டலைப் படியவைத்து மேடாக்கியுள்ளது. அம்மேட்டிலிருந்து நிலம் கிழக்கு நோக்கிச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் முடிகின்றது. அவ்வாறு தாழும் நிலமும் கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்திலேயே உள்ளது. இத்தகைய சமவெளியில் குறுக்கே கரை எழுப்பி நீரைத் தேக்குதல் இயலாது. ஆகவே வங்க மக்கள் வேறொரு வழி கண்டனர். வீடு கட்ட விரும்பியவர் முதலில் ஒரு குளம் தோண்டினர். தோண்டிய மண்ணைக் குவித்து மேடாக்கி, அம்மேட்டின் மீது வீடு கட்டினர். பள்ளத்தில் நீரும் மீனும் நின்றன. மேட்டில் மனிதர் வாழ்ந்தனர். தமிழ்நாட்டு ஏரி கரையால் பிறந்தது. வங்கத்துக் குளம் தோண்டுதலால் பிறந்தது. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுவோமாக.

நாம் முதலில் செல்வது தென் கொல்கத்தாவிலுள்ள இரவீந்திர சரோவர். முதியோர் இதனை இன்றும் டாக்குரியா ஏரி என்றும், 'லேக்' என்றுமே அழைப்பர். 1920-களின் தொடக்கத்தில், கல்கத்தா இம்புரூவ்மெண்ட் டிரஸ்ட் என்னும் நகர மேம்பாட்டு நிறுவனம் இப்பகுதியில் ஏறத்தாழ 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. அந்நாளில் இது சதுப்பும் புதருமாய்க் கிடந்த இடம். நகரம் தெற்கு நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. சாலை அமைக்கவும் வீடு கட்டவும் தாழ்ந்த நிலத்தை உயர்த்த வேண்டியிருந்தது. எனவே பெரும்பள்ளம் தோண்டினர், அண்டை நிலத்தை மேடாக்கிச் சமன் செய்தனர், பள்ளம் ஏரியாயிற்று. சிற்றூரில் ஒரு குடும்பம் செய்துவந்ததை இங்கு ஒரு நகரமே செய்தது என்னலாம். இன்று நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர் அளவினது. எஞ்சியது மரங்களும் புல்வெளிகளும் பிற அமைப்புகளும் ஆகும். 1958-ஆம் ஆண்டு மே மாதத்தில் கவியரசர் இரவீந்திரநாத தாகூரின் பெயர் இதற்குச் சூட்டப்பெற்றது.

இவ்வரலாறு நமக்கு ஏன் நெருக்கமானது? இராஷ்பிகாரி அவென்யூவும், சதர்ன் அவென்யூவும், இவ்வேரியின் பெயரையே தாங்கி நிற்கும் லேக் மார்க்கெட்டும் தலைமுறை தலைமுறையாகத் தென்னிந்தியக் குடும்பங்கள் வாழ்ந்துவரும் இடங்கள். வாழையிலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடி நாம் செல்லும் சந்தை அது. வடிகட்டிய காப்பியின் மணம் வங்கத்துத் தெருவில் வீசும் இடம் அது. அப்பகுதி தாழ்நிலமாகவே இருந்திருப்பின் அங்கே தெருவும் இல்லை, சந்தையும் இல்லை. ஏரி பள்ளமானதாலன்றோ குடியிருப்பு மேடாயிற்று! பிழைப்பு நாடி வந்த நமக்கு இந்நகரம் தந்த காலடி மண்ணின் கதை இவ்வேரியின் கதையோடு பிணைந்தது. எனவே இதனை 'வங்காளிகளின் ஏரி' என்று எண்ணி ஒதுங்கி நிற்பது பொருந்தாது.

இனி வலம் வருவோம். குளிர்காலத்து விடியற்காலையே இதற்கு ஏற்ற பொழுது. நவம்பர் திங்கள் முதல் பிப்ரவரி வரை நீரின் மீது மெல்லிய பனிமூட்டம் தவழும். வெயில் ஏறியதும் அது கலையும். நடைப்பயிற்சி செய்வோர், மூச்சுப் பயிற்சி செய்வோர், செய்தித்தாளை விரித்துவைத்து அரசியல் பேசுவோர் எனப் பலரையும் கரையில் காணலாம். ஆலும் அரசும் தூங்குமூஞ்சி மரமும் கிளை பரப்பி நிற்கும். சில மரங்கள் ஏரியினும் மூத்தவை என்பர். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். மீன்கொத்தி கிளையினின்று பாய்ந்து நீரைத் தொட்டு மீளும். குருட்டுக்கொக்கு அசையாது நிற்கும். இவை நம் ஊர்க் குளக்கரையிலும் உள்ள பறவைகளே. அவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பிள்ளைகளுக்குக் கூறுவதற்கு இதனினும் நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமோ?

ஏரியின் நடுவே தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஒரு பள்ளிவாசல் உண்டு. ஏரி தோண்டுவதற்கு முன்பிருந்தே அங்கு நின்ற தொழுகையிடம் அது. சுற்றிலும் நிலத்தைத் தோண்டியபோது அதனை இடிக்காது விட்டனர், அது தீவாயிற்று. அதற்குச் செல்ல 1926-ஆம் ஆண்டில் ஒரு தொங்குபாலம் அமைத்தனர். தோண்டும்போது மண்ணுக்கடியிலிருந்து பழைய பீரங்கிகளும் வெளிப்பட்டன. அவை நவாபு சிராஜ் உத் தௌலாவின் காலத்தவை என்று கருதப்படுகின்றது. ஏரியை அடுத்து, ஜப்பானிய பௌத்தத் துறவியர் 1930-களில் நிறுவிய கோயில் ஒன்றும் உண்டு. அங்கிருந்து எழும் முரசொலி கரை வரை கேட்கும். பள்ளிவாசலும் பௌத்தக் கோயிலும் கவியரசர் பெயரும் ஒரே வலத்தில் அமைந்திருப்பது கொல்கத்தாவின் இயல்பை நமக்கு உணர்த்துகின்றது.

கரையில் படகோட்டும் சங்கங்கள் பல உள்ளன. அவற்றுள் கல்கத்தா ரோயிங் கிளப் 1858-ஆம் ஆண்டில் தோன்றியது. முதலில் ஹூக்ளி ஆற்றில் படகோட்டிப் பின்னர் இவ்வேரிக்கு வந்தது. நீண்டு ஒடுங்கிய படகுகள் காலைப் பொழுதில் கோடு கிழித்தாற்போல் விரைவது கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. சித்திரை, வைகாசித் திங்களில் மாலை நேரத்தே வடமேற்கிலிருந்து திடீரென வீசும் புயற்காற்றை வங்க மக்கள் 'கால்பைசாகி' என்பர். 2022-ஆம் ஆண்டு மே மாதம் அத்தகைய காற்றில் சிக்கி, இவ்வேரியில் படகோட்டப் பயின்ற பள்ளி மாணவர் இருவர் உயிரிழந்தனர். கோடை மாலையில் வானம் கறுக்கக் கண்டால் நீரைவிட்டும் மரத்தடியைவிட்டும் அகன்று, கட்டடத்துள் ஒதுங்குதல் அறிவுடைமை.

இனி நம் வினாக்களுக்கு வருவோம். இந்நீர் எங்கிருந்து வருகின்றது? இவ்வேரிக்கு ஆறும் இல்லை, வரத்துக்காலும் இல்லை. வானம் பொழிவதும் நிலத்தடியில் ஊறுவதுமே இதன் வரவு. வெயில் குடிப்பது இதன் பெருஞ்செலவு. வரவு குறைந்து செலவு மிகும் இல்லம் போல, அண்மை ஆண்டுகளின் கோடையில் நீர்மட்டம் தாழ்ந்து கரையோரச் சேறு வெளியே தெரிந்தது. ஓடாத நீராதலின், இதில் வீழ்ந்த அழுக்கு இதிலேயே தங்கும். நம் ஊர் ஏரியில் எறிந்த குப்பையை வெள்ளம் கலிங்கின் வழியே கொண்டுபோதலும் உண்டு. இங்கு எறிந்தது எறிந்த இடத்திலேயே நிற்கும்.

இதனை உணர்ந்தே, 2017-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவ்வேரியில் சத் பூசை நிகழ்த்துவதைத் தடை செய்தது. சத் பூசை பீகார் முதலிய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் நீரில் நின்று கதிரவனை வணங்கும் புனித நாள். 2019-ஆம் ஆண்டில் தடையை மீறிப் பலர் வாயிற்பூட்டை உடைத்து உட்புகுந்தனர். அதன் பின்னர் மீனும் ஆமையும் இறந்து மிதக்கக் கண்டு நகரத்தார் வருந்தினர். மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் தடைக்கு விலக்கு அளிக்கவில்லை, வாயில்கள் மூடப்பட்டன, வேறிடங்களில் படித்துறைகள் அமைத்துத் தரப்பட்டன. இச்செய்தியைப் பிறர் குற்றமாக எண்ணிக் கடந்து செல்வது எளிது. ஆனால் அம்மக்களும் நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர். ஊர் ஆற்றை நினைந்து இவ்வேரிக்கு வந்தவர். களிமண் பிள்ளையாரையும் முளைப்பாரியையும் கரைக்க நீர் தேடும் நமக்கும் அதே வேட்கை உண்டன்றோ? நம் வேட்கை மெய்யானது. ஏரியின் தாங்கும் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பதும் மெய்யானது. வழிபாட்டிற்கு என வரையறுத்த துறையை நாடுவதே இரண்டிற்கும் பொருந்தும் வழி.

2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் வீசிய அம்பன் புயலில் இவ்வேரிக்கரை மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. அவற்றின் இடத்தில் நட்ட கன்றுகள் இப்போதுதான் வளர்கின்றன. இந்நாளில் ஏரியைப் பராமரிக்கும் பொறுப்பு கொல்கத்தா மாநகர வளர்ச்சி ஆணையத்தினுடையது. எனினும் ஆணையம் வேலி கட்டலாம், ஆணை பிறப்பிக்கலாம். கரையில் நடப்போரின் கண்ணே முதற் காவலாகும்.

சமவெளி ஏரியைக் கண்டோம். இனி மலைக்குச் செல்வோம். சியால்டா நிலையத்தில் இரவில் டார்ஜிலிங் மெயில் ஏறினால் மறுநாள் காலை நியூ ஜல்பாய்குரியில் இறங்கலாம். அதனை அடுத்த சிலிகுரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் சென்றால் மிரிக் என்னும் சிற்றூர் வரும். மாலையில் இறங்கி இரவு இரயிலைப் பிடித்தால் மறுநாள் காலை வீடு சேரலாம். இரண்டு இரவு இரயிலில், ஒரு பகல் மலையில் என்பது இவ்வுலாவின் கணக்கு. கைக்குழந்தையும் முதியவரும் உடன் வரின் ஓர் இரவு அங்கே தங்கி வருதல் நலம்.

மிரிக் ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில் உள்ளது. கோடைக்கானலைவிட 2,000 அடிக்கு மேல் தாழ்ந்ததாதலின் குளிர் அத்துணைக் கடுமையாக இராது. வழியெங்கும் தேயிலைத் தோட்டங்கள் படிப்படியாய் ஏறும். ஊரின் நடுவே சுமேந்து ஏரி. நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர். சுற்றுப்பாதை மூன்றரை கிலோமீட்டர். சிறு பிள்ளையும் இளைப்பின்றி நடக்கத்தக்க தொலைவு. ஏரியின் குறுக்கே 80 அடி நீளமுள்ள வளைந்த நடைபாலம் ஒன்றுண்டு. நேபாள மொழியில் வானவில்லைக் குறிக்கும் 'இந்திரேணி' என்பது அதன் பெயர். மேற்குக் கரையில் 'தூபி' என்று மலைமக்கள் அழைக்கும் ஊசியிலை மரங்கள் வானளாவ நின்று பாதையை இருளாக்கும். அம்மரங்களிடையே தேவியின் கோயில் ஒன்று உண்டு. வானம் தெளிந்த நாளில், 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவின் பனிமுடியை அங்கிருந்து காணலாம்.

இவ்வழகிய ஏரி மலை தோன்றிய நாளிலேயே தோன்றியது என்று காண்பவர் எண்ணுவர். உண்மை அஃதன்று. இவ்விடம் முன்பு வசம்பு மண்டிக் கிடந்த சதுப்பு நிலம். பிள்ளை பெற்ற வீட்டில் நம் பாட்டிமார் உரைத்துக் கொடுக்கும் அதே வசம்பு! 1969-ஆம் ஆண்டில் மேற்கு வங்கச் சுற்றுலாத் துறை அண்டையிலுள்ள துர்போ தேயிலைத் தோட்டத்திலிருந்து 335 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தத் தொடங்கியது. 1974-இல் பணி ஆரம்பமாகி, 1979-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏரி மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எனவே மிரிக் ஏரி நம்மில் பலரைவிட வயதில் இளையது.

கோடைக்கானல் ஏரியும் அவ்வாறே. மதுரை ஆட்சியராய் இருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு 1863-ஆம் ஆண்டில் ஓடையைத் தேக்கி அமைத்தது அது. உதகை ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் என்னும் ஆட்சியர் முயற்சியால் உருவானது. இயற்கை தந்தவை என்று நாம் போற்றும் இவ்வேரிகள் அனைத்தும் மனிதன் மண் சுமந்து அமைத்தவை. கை அமைத்ததைக் கையே காக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மிரிக்கிலும் நம் வினாக்களை எழுப்புவோம். மலைச்சரிவில் பெய்யும் மழையும் ஊறும் சுனையும் அங்கே நீராகின்றன. அச்சரிவின்மீது விடுதிகள் பெருகினால், அவற்றின் கழிவும் வண்டலும் அதே வழியில் கீழே இறங்கும். தங்கும் விருந்தினர் நாமேயாதலின், நாம் விடுதியில் செலவிடும் ஒவ்வொரு குடம் நீரும் ஏரியோடு தொடர்புடையது. மலைச்சரிவின் மென்மையை மற்றொரு நிகழ்ச்சியும் காட்டிற்று. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் மிரிக் வட்டாரத்தில் நிலம் சரிந்து பலர் மாண்டனர். சிலிகுரியிலிருந்து செல்லும் வழியில் துதியாவில் இருந்த இரும்புப் பாலமும் இடிந்தது. ஆதலின் மழைக்காலத்தில் இவ்வுலாவைத் தவிர்க்க வேண்டும். பிற காலத்தும் பாதை நிலையைச் சிலிகுரியில் கேட்டறிந்த பின்னரே மலையேற வேண்டும்.

உலாவுக்குச் செல்லும் குடும்பத்தார்க்குச் சில குறிப்புகள் கூறுவோம். கட்டுச்சோற்றில் புளியோதரை கெடாது தாங்கும். தயிர்ச்சோற்றை உச்சிக்குள் உண்டுவிடுதல் நலம். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் கொண்டுசெல்லும் உணவு குப்பையை விளைவிக்காது. கொண்டுசென்ற உறை, தாள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவருவோம். மீனுக்கும் பறவைக்கும் பொரியும் ரொட்டியும் வீசுதல் அன்புச் செயல்போல் தோன்றினும், எஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும். மலையில் வழுக்காத காலணியும் கம்பளிச் சட்டையும் தேவை. வலம் வரும்போது அனைவரையும்விட மெல்ல நடப்பவர் எவரோ அவரை முன்னே விட்டு மற்றவர் பின்தொடர்வது குடும்ப நடைக்கு ஏற்ற முறை.

பிள்ளைகளுக்குச் சொற்களையும் சேர்த்தே காட்டுவோம். வங்க மொழியில் குளத்தைப் 'புக்குர்' என்பர். வடமொழிப் 'புஷ்கர'த்திலிருந்து வந்த சொல் அது; நம் கோயில் திருக்குளத்தைப் 'புஷ்கரிணி' என்கிறோமே, அதன் உறவினர். நீண்ட குளத்தைத் 'தீகி' என்பர். நம்மிடமோ ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, பொய்கை, வாவி, சுனை என எத்தனையோ பெயர்கள்! ஊரை விட்டுப் பிரிந்த குடும்பத்தில் முதலில் மறைவன இத்தகைய சொற்களே. ஏனெனில் அவை குறிக்கும் பொருள் கண்முன் இல்லை. இங்கோ பொருள் கண்முன் உள்ளது; சொல்லைத்தான் நாம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு காலைப்பொழுதில் இரு மொழிகளிலும் நீரின் பெயர்களைக் கற்ற பிள்ளை, இரண்டு ஊர்களுக்கும் உரிமை உடையதாகும்.

ஊர் ஏரியில் மதகு பழுதாயின் ஊரார் கூடினர். ஏனெனில் அந்நீரில் அவர்தம் வயல் விளைந்தது. கொல்கத்தா ஏரியில் நமக்கு வயல் இல்லை. ஆயினும் அதன் காற்றில் நம் முதியவர் மூச்சு விடுகின்றனர். அதன் கரையில் நம் பிள்ளைகள் ஓடுகின்றனர். நாம் குடியிருக்கும் மேடு அதன் பள்ளத்திற்குக் கடன்பட்டது. மரம் நடும் நாளிலும் கரை துப்புரவு செய்யும் நாளிலும் தமிழ்க் குடும்பங்களும் அங்கே காணப்படல் வேண்டும். வரும் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை நேயர்கள் இதற்கென ஒதுக்குவார்களாக. நீர் வரும் வழியையும் போகும் வழியையும் பிள்ளைகளே வினவட்டும். காப்பவர் யாவர் என்னும் மூன்றாம் வினாவிற்கு நம் செயலே விடையாகட்டும்.